கேரட் கழுவிய நீருக்குச் சவ்வும் ஒளிவினையூக்கியும்: பாலாடாவில் இது நடக்குமா?

கேள்வி: பாலாடா உழவர்

அனைவருக்கும் வணக்கம். உதகைக்கு அருகே கேத்திப் பாலாடா பகுதியில், அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு கேரட் கழுவும் நிலையத்தை நடத்தி வருகிறோம். பறித்த கேரட்டைச் சுழலும் உருளைக்குள் கொட்டி நீரைப் பீய்ச்சினால், மண்ணோடு மெல்லிய தோலும் உரிந்து, பளிச்சென்ற நிறத்தோடு மூட்டை கட்டத் தயாராகிவிடும். மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்லும் லாரி காத்திருக்காது என்பதால், ஒரு நாளின் கழிவுநீர் முழுவதும், அதாவது ஏறத்தாழ 20,000 லிட்டர், நான்கைந்து மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது. இப்போது அது ஒரு மண்குழியில் சற்றே தங்கி, தெளிந்தும் தெளியாமலும் ஓடையில் போய்ச் சேர்கிறது. ஓடையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி, டைட்டேனியம் டைஆக்சைடு என்ற ஒளிவினையூக்கியை, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருளைப் பூசிய சவ்வுத் தகடுகளைக் (நுண்துளை வடிகட்டிகளை) கொண்டுவந்து காட்டினார். வெயில் பட்டாலே அந்தப் பூச்சு வேலை செய்யும் என்றும், சவ்வு மண்ணைத் தடுக்க, பூச்சு பூச்சிமருந்தைச் சிதைத்துவிடும் என்றும், ரசாயனமோ கசடோ இல்லாமல் அதே நீரை மறுபடியும் பயன்படுத்தலாம் என்றும் கூறினார். ஒரு கண்ணாடிக் குவளையில் நீலச் சாயம் கலந்த நீரை ஊற்றி, தகட்டின் சிறு துண்டை அதில் போட்டு முற்றத்தில் வைத்தார்; அவர் தேநீர் அருந்தி முடித்துக் கிளம்புவதற்குள் நீலம் வெகுவாக வெளுத்துவிட்டது. எங்களில் சிலர் அதைப் பார்த்தே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். செம்மண் கலந்த நீரில் இது நடக்குமா, ஜூன் முதல் டிசம்பர் வரை மேகமும் மூடுபனியுமாக இருக்கும் எங்கள் ஊரில் வெயிலை நம்பலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: வடிகட்டி (கோவை)

வணக்கம் ஐயா. சவ்வுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். முன்பணத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். அந்தப் பிரதிநிதி சொன்ன அறிவியலில் பிழை ஏதும் இல்லை. உங்கள் நீருக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

டைட்டேனியம் டைஆக்சைடின் அனட்டேஸ் வடிவத்தின் மீது ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி விழும்போது, அதிலுள்ள எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற காலியிடம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை (free radical) உண்டாக்குகிறது. கரிமப் பொருள் எதையும் சிதைக்கக்கூடிய அளவுக்கு அது வீரியமானது. ஜப்பானியர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரிக்க முடியும் என்று 1972-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இத்துறை வேகம் பிடித்தது. இதில் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, பூச்சுக்குத் தேவைப்படும் புற ஊதாக் கதிர் சூரிய ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் இருக்கிறது என்பது. உயரம் கூடக் கூட அது ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு அளவில் அதிகரிக்கும் என்பதால், வானம் தெளிந்த நாளில் உதகை கோவையைவிட ஒரு படி மேல். ஆனால் அந்த ஆதாயத்தை ஒரு வாரத்து மேகமூட்டம் விழுங்கிவிடும்.

இரண்டாவது, ஒளி பூச்சைச் சென்றடைய வேண்டும். உங்கள் ஊர்ச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி. அது புற ஊதாக் கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். தகட்டின் எந்தப் பக்கம் கலங்கல் நீர் வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் பூச்சும் இருக்கும் என்றால், ஒளி சேற்று நீரைக் கடந்து, அதன் பின் சவ்வின் மேல் படிந்த மண் படலத்தையும் கடந்து பூச்சை அடைய வேண்டும். பூச்சு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பார்கள். மேலே படிவது எண்ணெயோ பாசியோ என்றால் ஓரளவு உண்மை. களிமண் கரிமப் பொருள் அல்ல. அதை எந்தத் தனி உறுப்பாலும் எரித்துவிட முடியாது. களித்துகளின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரானின் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு மைக்ரான் வரை இருப்பதால், நுண்துளைச் சவ்வின் வாயிலேயே போய் அடைத்துக்கொள்வதற்கு இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது.

மூன்றாவது, கால அளவு. இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 30 லிட்டர் நீரைக் கடத்துகிறது என்று கொள்வோம். அதாவது மணிக்கு 30 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்; விநாடிக்கு ஏறத்தாழ 8 மைக்ரான். பூச்சின் தடிமன் 5 மைக்ரான், அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் என்றால், நீர் பூச்சுக்குள் தங்கும் நேரம் கால் விநாடிதான். பூச்சின் துளைகள் மிகக் குறுகியவை என்பதால் மருந்து மூலக்கூறு வினையூக்கியைத் தொடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எனவே கால் விநாடியில் ஒன்றுமே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஒரே கடப்பில் மருந்து முழுவதும் போய்விடும் என்று எவரேனும் சொன்னால், உங்கள் நீரில் செய்த அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

தகடு எதனால் ஆனது என்பதையும் கேளுங்கள். பாலிமர் சவ்வும் கரிமப் பொருள்தான். பூச்சில் உண்டாகும் தனி உறுப்பு மருந்தைத் தாக்குவதுபோலவே சவ்வையும் தாக்கும். பாலிஈதர் சல்போன் இதற்கு எளிதில் இரையாகும். ஃபுளூரின் கலந்த பி.வி.டி.எஃப். கொஞ்சம் தாங்கும், அலுமினா, சிர்கோனியா போன்ற பீங்கான் சவ்வுகளுக்கு இந்தக் கவலை இல்லை, விலைதான் கவலை.

மறுமொழி: குன்னூர் வேதியியல் ஆசிரியை

பாலாடா ஐயாவுக்கு வணக்கம். வடிகட்டி அவர்கள் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. அந்த நீலச் சாயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விற்பனைக் காட்சிகளில் பெரும்பாலும் மெத்திலீன் நீலத்தைத்தான் பயன்படுத்துவார்கள். அது வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சி, அந்த ஆற்றலால் தானே சிதையக்கூடியது. பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டும் நீரிலிருந்து மறையக்கூடியது. ஆக்சிஜன் குறைந்த சூழலில் நிறமற்ற வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகக்கூடியது. ஆகவே நிறம் போவதை வைத்து மூலக்கூறு சிதைந்தது என்று முடிவு கட்ட இயலாது. அடுத்த முறை அவர் வந்தால், அதே சாய நீரை ஊற்றிய மூன்று குவளைகளை வைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தகட்டைப் போட்டு இருட்டில் வைக்க வேண்டும்; இன்னொன்றைத் தகடே இல்லாமல் வெயிலில் வைக்க வேண்டும்; மூன்றாவது அவர் செய்து காட்டியபடி. சாயத்துக்குப் பதில் உங்கள் குழியிலிருந்து முகந்த நீரைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

இப்போது உங்கள் நீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கேரட்டின் தோலும் நார்வேர்களும் உரிந்து வருவதால், கரைந்த சர்க்கரையும் பிற கரிமப் பொருள்களும் நீரில் கணிசமாக இருக்கும். பூச்சிமருந்தின் எச்சம் அதோடு ஒப்பிட்டால் துளியிலும் துளி. ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஆள் பார்த்து அடிப்பதில்லை. எதிரில் எது அதிகமாக நிற்கிறதோ அதன் மீதே பாயும். சர்க்கரை இருக்கும்வரை உங்கள் ஒளியும் மின்சாரமும் சர்க்கரையை எரிப்பதிலேயே செலவாகும், மருந்து தப்பித்துக்கொள்ளும். சர்க்கரையை நுண்ணுயிர்கள் செலவின்றித் தின்றுவிடும் என்பதால் அந்த வேலையை அவற்றிடமே விட்டுவிடுவது நல்லது.

மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. குளோர்பைரிபாஸ் போன்றவை மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும். மண் படிந்தால் அவற்றின் பெரும்பகுதியும் கசடோடு போய்விடும், அதனால் அந்தக் கசட்டை மீண்டும் தோட்டத்தில் பரப்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். இமிடாகுளோப்ரிட் நீரில் கரைந்தே இருக்கும். அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 256. நுண்துளைச் சவ்வுகள் தடுப்பதோ ஆயிரக்கணக்கில் எடையுள்ள மூலக்கூறுகளை மட்டுமே. மழைக்காலத்தில் கருகல் நோய்க்கு நாம் தாராளமாகத் தெளிக்கும் மாங்கோசெப் சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா உண்டாகும்; அதுவும் நீரில் நன்கு கரைவது, தாய்ப்பொருளைவிட அதிகக் கவலைக்குரியது. எனவே சவ்வு மட்டும் போதாது என்பது என் கருத்து. செம்பு கலந்த மருந்துகளைத் தெளிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: ஒளிவினையூக்கி உலோகத்தை அழிக்காது. செம்பு கசட்டிலோ வினையூக்கியின் மேலோ நீரிலோ, எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

மறுமொழி: பாலாடா உழவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நிலையத்தில் மும்முனை மின்சாரம் இருக்கிறது. குழிக்கு அருகே இரண்டு சென்ட் அளவுக்குக் காலியிடமும் உண்டு. வெயில் இல்லாத மாதங்களில் புற ஊதா விளக்கைப் பொருத்திக்கொள்ளலாம் என்று அந்தப் பிரதிநிதி சொன்னார். அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. குளிர் இதையெல்லாம் பாதிக்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன். ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கில் புல்வெளியில் உறைபனி படியும்.

மறுமொழி: கொடை விடுதியாளர்

பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விடுதியில் குளியலறை நீரைச் சவ்வு வைத்துச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறோம். ஒளிவினையூக்கியில் எனக்கு அனுபவம் கிடையாது. விளக்கு, குளிர் இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விளக்கு என்றால் எந்த விளக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 254 நானோமீட்டர் தரும் வழக்கமான குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. எங்கள் ஊரில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகவே நீர்நிலைக்கு மேலே ஒரு சரிவில் உடையக்கூடிய பாதரச விளக்குகளை வரிசையாக வைப்பதற்கு நான் உடன்படவே மாட்டேன். 365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன, டைட்டேனியம் டைஆக்சைடுக்கு அவையே போதும்.

குளிரில் நீரின் பாகுத்தன்மை கூடி, அது சவ்வை மெதுவாகவே கடக்கும். 25 டிகிரியில் மணிக்கு 30 லிட்டர் தரும் சவ்வு, அதே அழுத்தத்தில் 10 டிகிரியில் 20 லிட்டர்தான் தரும். கோவையில் அளந்து காட்டிய கணக்கை நம்பிச் சவ்வின் பரப்பை முடிவு செய்தால் மார்கழியில் தொட்டி நிரம்பி வழியும். இன்னொன்று, இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். உறிஞ்சி இழுக்கும் வகைச் சவ்வென்றால் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் அடிக்கடி காற்று வாங்கி நின்றுவிடும்.

மறுமொழி: வடிகட்டி (கோவை)

விடுதியாளர் சொன்னது முற்றிலும் சரி. குளிரைப் பொறுத்தவரை ஒளிவினைக்கு ஓர் ஆதாயம் உண்டு: நுண்ணுயிர்கள் 10 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும், ஒளியால் நடக்கும் வினை குளிரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், ஒரு கன மீட்டர் நீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஓசோன் முறைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும் என்றும், விளக்கொளியில் இயங்கும் ஒளிவினையூக்கிக்கு நூறு யூனிட்டுக்கு மேல் ஆகும் என்றும் கணித்திருந்தார்கள். உங்கள் 20,000 லிட்டரை இதனோடு பெருக்கினால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் யூனிட்டைத் தாண்டும். ஆய்வகக் கருவிகளை வைத்துச் செய்த கணக்குகளும் அதில் அடக்கம் என்பதால் பெரிய நிலையத்தில் குறையலாம். பாதியாகவே குறைந்தாலும் கேரட்டின் விலை அதைத் தாங்குமா?

என்னைக் கேட்டால், பூச்சுத் தகட்டை விட்டுவிட்டு முதலில் மண்ணைப் பிடியுங்கள். இரண்டு அறைகள் கொண்ட சிமெண்டுத் தொட்டி கட்டி, படிகாரம் சேர்த்துப் படிய விடுங்கள். மலை நீர் பெரும்பாலும் காரத்தன்மை குறைந்த மென்னீர். ஒரு பங்கு படிகாரம் ஏறத்தாழ அரைப் பங்கு காரத்தன்மையைத் தின்றுவிடும் என்பதால், வெறும் படிகாரத்தை மட்டும் கொட்டினால் நீர் அமிலமாகிக் களி திரளாது. சுண்ணாம்பும் கூடவே வேண்டும். அதன் பின் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்பதற்குக் காற்றூட்டும் தொட்டி ஒன்று, கடைசியில் சாதாரணச் சவ்வு. தெளிந்த நீரை உருளையின் முதல் கழுவலுக்கே திருப்பிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் புதுநீர் பயன்படுத்தினால், ஓடைக்குப் போகும் அளவே வெகுவாகக் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் மருந்துக்குத் தேங்காய் ஓட்டுக் கரி போதும்.

மறுமொழி: குன்னூர் வேதியியல் ஆசிரியை

கடைசி வாக்கியத்தோடு மட்டும் நான் உடன்படவில்லை. கரி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழிக்காது. நிறைந்துபோன கரியை மலையிலிருந்து யார் இறக்கி எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? நடைமுறையில் அது ஏதேனும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டப்படும், அடுத்த மழையில் கரைந்து வரும்.

நீரைத் திருப்பிப் பயன்படுத்துவது என்று நீங்கள் சொன்னதில்தான் ஒளிவினையூக்கிக்கு உரிய இடமும் இருக்கிறது. அதே நீர் சுற்றிச் சுற்றி வந்தால் கரைந்த மருந்தும் உப்பும் அதில் சேர்ந்துகொண்டே போகும். எனவே நாள்தோறும் ஒரு சிறு பங்கை, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், வெளியே எடுத்தாக வேண்டும். அந்த 2,000 லிட்டர் ஏற்கெனவே மண் நீங்கியது, சர்க்கரை நீங்கியது. ஒளி உள்ளே போக இடம் கொடுக்கும். மென்னீர் என்பதால், தனி உறுப்பைத் தின்றுவிடும் பைகார்பனேட்டும் அதில் குறைவு. அதை ஓர் ஆழமற்ற தொட்டியில் நிரப்பி, லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை டைட்டேனியம் டைஆக்சைடு துகளைக் கலந்து, அடியில் காற்றைக் குமிழ விட்டு, வெயில் காயும் நாள்களில் நாள் முழுவதும் வைத்திருக்கலாம். துகளைப் பிடித்து நிறுத்தி அடுத்த முறைக்குத் திருப்பித் தருவது மட்டுமே சவ்வின் வேலை. ஒளிக்கு ஓர் இடம், சவ்வுக்கு வேறோர் இடம் என்று பிரித்துவிட்டால், கால் விநாடிக் கணக்கும் சவ்வைத் தனி உறுப்பு அரிக்கும் தொல்லையும் பெருமளவு விலகிவிடும்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. கனடாவின் பியூரிஃபிக்ஸ் நிறுவனம், துகளை நீரில் கலந்து விளக்கின் வழியே செலுத்தி, பீங்கான் சவ்வில் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் கருவியை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஸ்பெயினில் அல்மேரியா பகுதியில், காலியான பூச்சிமருந்துக் குப்பிகளைக் கழுவிய நீரை, இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துச் சூரிய ஒளியிலேயே சுத்திகரிக்கும் நிலையம் அமைத்தார்கள். அல்மேரியா வறண்ட நிலம், நம்முடையது மேகம் தங்கும் நிலம். ஆகவே மழைக்காலத்துக்கு ஒரு சேமிப்புத் தொட்டியோ, சிறிய அளவில் எல்.இ.டி. விளக்கோ கட்டாயம் தேவைப்படும். 2,000 லிட்டருக்கு என்பதால் அந்தச் செலவைப் பற்றிப் பேசவாவது முடியும்.

மறுமொழி: வடிகட்டி (கோவை)

அம்மா, அளவைக் குறைத்துவிட்டு ஒளியைக் கொண்டுவருவது என்றால் எனக்கும் மறுப்பில்லை. துகளின் தனி அளவு 20 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். நீரில் அது கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்வதால்தான் சவ்வில் நிற்கிறது. எனவே சவ்வைத் தாண்டிய நீரில் டைட்டேனியம் இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்காமல் ஒரு சொட்டையும் ஓடைக்கு விட வேண்டாம். கரியை முழுவதுமாகக் கைவிடவும் எனக்கு மனமில்லை. மழைக்காலத்துக்கு ஒரு சிறு கலன் இருக்கட்டும், நிறைந்த கரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

மறுமொழி: பாலாடா உழவர்

முன்பணத்தை நிறுத்திவிட்டோம். தொட்டிக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறோம். குழி நீரைப் படிகாரமும் சுண்ணாம்பும் வெவ்வேறு அளவில் சேர்த்துக் குவளைகளில் சோதிக்க இந்த வாரமே தொடங்குகிறோம். மருந்து எச்சத்துக்கு எந்தெந்தப் பொருள்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியை அம்மா எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: குன்னூர் வேதியியல் ஆசிரியை

உங்கள் நிலையத்துக்குக் கேரட் கொண்டுவருபவர்கள் கடைசி இரண்டு மாதங்களில் என்னென்ன தெளித்தார்கள் என்று கேட்டு, மருந்துப் பெட்டியில் அச்சிட்டுள்ள வேதிப்பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலையே ஆய்வகத்திடம் கொடுங்கள். மாங்கோசெப் பட்டியலில் இருந்தால் எத்திலீன் தயோயூரியாவைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், வழக்கமான பூச்சிமருந்துச் சோதனைத் தொகுப்பில் அது பெரும்பாலும் வராது. நீரின் கரிம மாசைக் காட்டும் சி.ஓ.டி., பி.ஓ.டி. அளவுகளையும் செம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளித்தொட்டி அமைத்த பிறகு, தாய்மருந்து குறைந்ததை மட்டும் பார்க்காமல் நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பன் குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும். மருந்து மறைந்து கார்பன் அப்படியே இருந்தால், வேறு பெயரில் அது இன்னும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. மாதிரியை வெயில் படாத கருநிறப் புட்டியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து அன்றே அனுப்பிவிடுங்கள். படிகாரம் சேர்ப்பதற்கு முன் ஒரு புட்டியும் சேர்த்துத் தெளிந்த பின் ஒரு புட்டியும் எடுத்தால், மண்ணோடு எவ்வளவு மருந்து போகிறது என்பதும் அந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.